பத்துக்கு ஒன்பது

வருடத்துக்கு நூற்று ஐம்பத்தாறு தடவை. வாரத்துக்கு மூன்று வீதம், ஐம்பத்திரண்டு வாரம். அவள் கணவரின் ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், இயந்திரத்துக்குள் சுற்றிச் சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாக உடம்புக்குத் திரும்பி வருவது அத்தனை தடவை. ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் படுக்க முடியாது, மூச்சு இரைக்கும். மூன்றாவது தடவையைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. பேசாமலே அவளுக்குத் தெரியும். அந்த நிலையில் இருந்தவர்களை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பதினேழு வருடமாக ஆம்புலன்ஸில் பாராமெடிக். ஓடுகிற வண்டியில், குனிந்த வாக்கில், ஊசி போட நரம்பைத் தேடிப் பிடிப்பதில் அவளை மிஞ்ச அந்த நிலையத்தில் ஆள் கிடையாது. வேகத்தடை வருவதற்கு ஒரு நொடி முன்னால் கையை எடுப்பாள், வண்டி இறங்கியதும் விட்ட இடத்திலேயே வைப்பாள். ஒன்பது வருடமாக அவளுக்கு வண்டி ஓட்டுபவருக்கு நிலையத்தில் 'பிரேக்' என்று பெயர். அதை அவர் மிதித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர்.

கணவர் ஒரு அச்சகத்துக்கு புரூஃப் பார்ப்பவர். முப்பது வருடமாகப் பிறர் எழுதியதில் பிழை பொறுக்கியே கண்ணாடி தடித்துப்போனவர். சிறுநீரகம் கைவிட்ட பிறகும் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி, ஊசி குத்தாத வலது கையில் சிவப்புப் பேனாவோடு வேலை பார்ப்பார். சிகிச்சை நடப்பது அவளுடைய வேலைக்குக் கிடைக்கும் மருத்துவ அட்டையில். அந்த அட்டைக்கு ஒரு குணம் உண்டு: எந்த மாவட்டத்தில் வேலையோ அந்த மாவட்டத்தில்தான் செல்லும். குடியிருக்கும் வீடும் வேலையோடு வந்த குவார்ட்டர்ஸ்தான். வேலையை விட்டால் எல்லாமே கையை விட்டுப் போகும்.

அந்த மாதம் மூன்றாம் தேதி, நிலையத்தை மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். வண்டிகள் எல்லாம் இனி ஒரே பெரிய மையத்திலிருந்து கிளம்புமாம். டிரைவர்கள் அந்த மையத்துக்கே போகலாம். பாராமெடிக் ஆறு பேருக்கு மட்டும் ஊர் மாற்றம். துறைமுக ஊரில் இரண்டு இடம், தொழிற்பேட்டையில் மூன்று, மலை மேல் ஒன்று. விருப்பத்தைப் பன்னிரண்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் தேதி புதிய இடத்தில் சேர வேண்டும்.

மற்றவர்கள் நோட்டீஸைச் சுற்றி நின்று திட்டிக்கொண்டிருந்தபோது அவள் போனை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்தாள். வீட்டு வாடகை என்ன, தண்ணீர் எப்படி என்று விசாரிக்கவில்லை. மூன்று ஊரிலும் டயாலிசிஸ் எங்கே நடக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

தொழிற்பேட்டையில் இயந்திரங்கள் இருந்தன, காத்திருப்போர் முப்பத்தொரு பேரும் இருந்தார்கள். மலை ஆஸ்பத்திரியில் போனை எடுத்தவர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். "மெஷின் இருக்கும்மா. மேல போட்ட பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கல. ஓட்டத்தான் ஆள் போடல" என்றார். அடுத்த இயந்திரம் எங்கே என்று கேட்டாள். அடிவாரத்தில், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம், நாற்பது வளைவு. மழைக்காலத்தில் மண் சரிந்தால் ரோடே கிடையாது.

துறைமுக ஊரில் ஒரு பெண் எடுத்தாள். செவ்வாய், வியாழன், சனி என்று ஒரு நாற்காலி போன வாரம்தான் காலியானதாம். எப்படிக் காலியானது என்று இவள் கேட்கவில்லை, அந்தப் பெண்ணும் சொல்லவில்லை. பணியிட உத்தரவின் நகலை மாதக் கடைசிக்குள் அனுப்பினால் நாற்காலியைப் பிடித்து வைப்பதாகச் சொன்னாள். அதோடு அவளைப் பொறுத்தவரை யோசனை முடிந்துவிட்டது. மூன்று ஊரில் ஒன்றில்தான் அவர் உயிரோடு இருக்க முடியும்.

படிவத்தை நிரப்பியது பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை. அன்று காலையில் ஒரு பஸ் கவிழ்ந்து பதினோரு பேர் அடிபட்டிருந்தார்கள். கால்சட்டை முழங்காலில் காய்ந்த ரத்தத்தோடு, கையில் படிவத்தோடு, மூன்று மணிக்கு டயாலிசிஸ் கூடத்துக்கு ஓடி வந்தாள். எட்டு நாற்காலி, எட்டு இயந்திரம், எங்காவது ஒன்று கூவிக்கொண்டே இருக்கும். கணவர் மூன்றாவது நாற்காலியில் ஏதோ பரீட்சை வழிகாட்டியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

படிவம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பெயர், வயது, பணி விவரம், அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி சிறிய எழுத்தில் ஒரு பத்தி. முதல் பக்கத்தை நிலையத்திலேயே அவசர அவசரமாக எழுதி முடித்திருந்தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம்: இடப்பக்கம் மூன்று ஊர், வலப்பக்கம் 'மதிப்பெண் (0–10)'.

இந்த இடத்தில் அவள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாராமெடிக்குகள் வண்டியில் ஏற்றும் ஒவ்வொருவரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாத வலி, இப்ப உங்களுக்கு எவ்வளவு? தொடை எலும்பு வெளியே தெரிகிற மனிதர் மூன்று என்பார். சுளுக்கிக்கொண்ட அவர் மனைவி பன்னிரண்டு என்பாள். பதினேழு வருடமாக ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வராதது நான்கு. உறவுக்காரர் சொல்லாமல் வந்து நிற்பது ஆறு. கணவரின் கையில் ஊசி ஏற்றுவது மூன்று, புது நர்ஸ் ஏற்றினால் ஐந்து. கணவனும் மனைவியும் எதற்கும் எண்தான் சொல்லிக்கொள்வார்கள்.

அன்றும் அப்படித்தான். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஊரின் பெயரை வாசித்தாள்.

"துறைமுகம்?"

"ரெண்டு. உப்புக் காத்துக்கு ஒண்ணு. உன் சமையலும் கூட வரும்ல, அதுக்கு ஒண்ணு."

"தொழிற்பேட்டை?"

"ஏழு. வரிசையில நின்னே என் கதை முடிஞ்சிரும்."

"மலை?"

"ஒம்பது."

"பத்தே போட்டுடவா?"

"வேணாம். பத்துன்னா நான் ஏற்கெனவே போய்ச் சேந்துட்டேன்னு அர்த்தம்."

பக்கத்து நாற்காலிக்காரர்கூடச் சிரித்தார். அவள் இரண்டு, ஏழு, ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கணவர் காகிதத்தைக் கேட்டு வாங்கி, தொழில் புத்தி விடாமல் இரண்டாம் பக்கத்தை வரி வரியாகப் பார்த்தார். தலைமை அலுவலகத்தார் 'நிலயம்' என்று அச்சடித்திருந்தார்கள். சிவப்புப் பேனாவால் குறி போட்டு அதை 'நிலையம்' ஆக்கினார். "இப்பக் கொண்டு போ. ஒரு பிழை கிடையாது" என்றார். அவள் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு, நாலே முக்காலுக்கு நிலையத்தில் வைத்திருந்த பெட்டியில் போட்டாள்.

இருபத்தொன்றாம் தேதி பட்டியல் வந்தது. முதலில் பார்த்தது பிரேக். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன்க்கா, மலை மேல யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. பட்டியலுக்குப் பக்கத்தில் வட்டார அதிகாரியின் குறிப்பு ஒன்றும் ஒட்டியிருந்தது. மலைப்பகுதி நிலையத்தைத் தானே முன்வந்து கேட்டுப் பெற்றிருக்கும் ஒரே பணியாளர் என்று அவளைப் பாராட்டி நான்கு வரி. யாரோ அதற்குள் அவளுக்கு 'மலையரசி' என்று பெயர் வைத்தாகிவிட்டது. டைப் அடித்தவர் வரிசை மாற்றி அடித்திருக்கிறார், ஒரு போனில் சரியாகிவிடும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். போனை எடுப்பதற்குள் அழைப்பு வந்தது. வண்டி கிளம்பியது.

மூன்று தெரு தள்ளி, கொதி எண்ணெய் கையில் கொட்டிக்கொண்ட ஒரு வயதான பெண்மணி. கையை நனைத்து, துணி சுற்றி, வண்டியில் உட்கார வைத்து, வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திருப்பிக் கேட்டார்.

"பத்துன்னா நல்லதாம்மா, கெட்டதா? பரீட்சையில பத்து வாங்கினா நல்லதுல்ல?"

அவள் கை நின்றது. துணியின் நுனியைச் செருகிவிட்டு, போனில் படிவத்தின் போட்டோவைத் தேடினாள்.

மதியம் டயாலிசிஸ் கூடத்துக்குப் போய், போனில் இருந்த போட்டோவைக் கணவரிடம் நீட்டினாள். முதல் பக்கத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கி அவர் வாசித்தார். ஒவ்வொரு நிலையத்துக்கும் செல்லத் தங்களுக்குள்ள விருப்பத்தின் அளவை மதிப்பெண்ணாகக் குறிப்பிடவும். அதிக மதிப்பெண் அதிக விருப்பத்தைக் குறிக்கும்.

"காலும் கொம்பும் சரியா இருக்கான்னு பாத்தேன்" என்றார். "தலைப் பக்கத்தப் பாக்கல."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தான் இங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொள்வதாக அவர் சொன்னார். அட்டை இங்கே செல்லாது என்பதை இருவருமே நினைத்துப் பார்த்து, அந்தப் பேச்சை அப்படியே விட்டார்கள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுத் தலைமை அலுவலகம் போனாள். இரண்டாம் மாடியில் நான்கு மேஜை, ஒரே ஒரு மின்விசிறி, இடமாற்றப் பிரிவில் ஒரு பெண் கிளார்க். அவள் சொன்னதை அந்தப் பெண் முழுக்கக் கேட்டாள். ஃபைலைப் புரட்டிப் படிவத்தை எடுத்தாள். சிவப்புப் பேனாத் திருத்தத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"ஃபார்ம்ல எங்க தப்பையே திருத்தியிருக்கீங்க மேடம். இவ்வளவு கவனமாப் பாத்தவங்க படிக்காமப் போட்டுட்டேன்னா யார் நம்புவா?"

"வலிக்குப் போடற மார்க்னு நினைச்சுட்டேன்."

"டிரான்ஸ்ஃபர் ஃபார்ம்ல வலியா கேப்போம்? கேட்டிருந்தா எல்லாருமே பத்துதான் போட்டிருப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் கிளார்க்கின் குரல் இறங்கியது. மற்ற ஐந்து பேரும் மலைக்கு முட்டை போட்டிருந்தார்கள். ஒருவர் ஒன்பது போட்டதும் அதிகாரிக்குத் தலைவலி தீர்ந்தது. உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது. அடுத்த மாற்றம் பதினெட்டு மாதம் கழித்து. மருத்துவக் காரணம் சொல்லி மனுப் போடலாம், ஆனால் அது கமிட்டிக்குப் போய் வர நான்கு மாதம் ஆகும், அதுவரை மலையில் சேர்ந்தே ஆக வேண்டும்.

"ஒரே வழிதான் மேடம். மியூச்சுவல். துறைமுகம் கிடைச்சவங்க யாராவது உங்களோட மாத்திக்கச் சம்மதிக்கணும். ரெண்டு பேர் கையெழுத்தோட இருபத்தெட்டாம் தேதி மத்தியானத்துக்குள்ள கொண்டாங்க. அதுக்கப்புறம் ஃபைல் எங்க கையில இருக்காது."

துறைமுகம் கிடைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வு பெற ஒரு வருடம் இருப்பவர். அந்த ஊர்க்காரர். போனில் ஒரே வரியில் முடியாது என்று சொல்லிவிட்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று இரண்டாவது வரியும் சொன்னார். இன்னொருத்தி பாப்பா.

பாப்பா என்பது அவள் வைத்த பெயர்தான். நான்கு வருடம் முன்பு வேலைக்குச் சேர்ந்தபோது முகம் அப்படி இருந்தது. அவள் வண்டியில், அவள் கைக்குக் கீழேதான் தொழில் பழகினாள். இப்போது இருபத்தேழு வயது, ஏழு மாதக் கைக்குழந்தை. கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன், வருடத்தில் பாதி கடலில். பாப்பாவின் அம்மா வீடு துறைமுகத்தில் இருந்தது.

செவ்வாயும் புதனும் யோசித்தே கழிந்தன. தொழிற்பேட்டை மையத்துக்கு மறுபடி போன் செய்தாள், வரிசை முப்பத்து மூன்றாகியிருந்தது. மலையில் பிளாஸ்டிக் போட்ட இயந்திரத்தைத் தானே ஓட்டப் பழகலாமா என்றுகூட நினைத்தாள். கணவர் இரண்டு நாளாக எந்த எண்ணும் சொல்லவில்லை. கேட்டாலும் பரவாயில்லை என்றார். பரவாயில்லை என்று சொல்கிற நோயாளிகளைத்தான் அவள் எப்போதும் முதலில் ஏற்றுவாள்.

வியாழக்கிழமை மத்தியானம், பாப்பா வண்டிக்குள் தனியாக மருந்துப் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏறிப் பின்கதவைச் சாத்தினாள். மியூச்சுவல் படிவத்தைப் பூர்த்தி செய்து, தன் கையெழுத்தைப் போட்டே கொண்டுவந்திருந்தாள்.

முதலில் மரியாதையாகத்தான் கேட்டாள். நாற்காலி, அட்டை, மலை ரோடு என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். பாப்பா கையில் இருந்த ஊசி உறைகளை எண்ணுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா. பட்டியல் வந்த அன்னைலேருந்து நீங்க வந்து கேப்பீங்கன்னு பயந்துக்கிட்டே இருக்கேன். என்னால முடியாது. அம்மா இருந்தாத்தான் குழந்தைய விட்டுட்டு வண்டி ஏற முடியும். இன்னும் பால் குடிக்கிறான்."

"உனக்குக் கஷ்டம். எனக்கு அவர் உயிரு."

"அதுக்கு நான் என்னக்கா பண்றது? ஒம்பது போட்டது நானா?"

நியாயமான பேச்சு. அவள் அங்கே எழுந்து இறங்கியிருக்கலாம். இறங்கத்தான் நினைத்தாள், இறங்கவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு பிற்பகல் தானாக நாக்குக்கு வந்தது. இதே வண்டி. நெஞ்சு வலிக்காரர் ஒருவர். பாப்பா ஒரே மாதிரி இருந்த இரண்டு மருந்துக் குப்பிகளில் தவறானதை உடைத்து ஏற்றிவிட்டாள். மனிதரின் நாடி இறங்கிக்கொண்டே போனது. இருபது நிமிடம் போராடி அவரை மேலே இழுத்தது இவள். பதிவேட்டில் அந்த ஊசியே எழுதப்படவில்லை. எழுத வேண்டாம் என்று சொன்னவளும் இவள்தான். அழுதுகொண்டிருந்த பெண்ணின் முதுகைத் தட்டி, இது வண்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்றிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"அன்னைக்கு நான் வாயத் திறந்திருந்தா இந்த யூனிஃபார்ம் உன் மேல இருந்திருக்காது."

பாப்பாவின் கை நின்றது. எதைச் சொல்கிறாள் என்று புரிய அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை, நம்பத்தான் நேரம் பிடித்தது.

"இப்பச் சொன்னாலும் உங்களையும் சேத்துத்தானே தூக்குவாங்க."

"தூக்கட்டும். மலைக்குப் போனாலும் எனக்கு எல்லாம் முடிஞ்சதுதான்."

பொய். வேலை போனால் அட்டை போகும், அட்டை போனால் இயந்திரமே கிடையாது. அவளால் வாயைத் திறக்கவே முடியாது என்பது அவளுக்கும் தெரியும், எதிரே இருந்தவளுக்கும் தெரியும். பயமுறுத்தல் என்ற அளவில் அதில் சரக்கே இல்லை. பாப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலி எங்கே என்று சொல்லத் தெரியாத நோயாளியைப் பார்க்கும்போது இவள் எப்படிப் பார்ப்பாளோ, அந்தப் பார்வை. பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். படிவத்தை ஆக்சிஜன் சிலிண்டர் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். தேதியையும் எழுதினாள்.

"அந்தக் குப்பிக்காகப் போடல. இத வாய்விட்டுச் சொல்ற அளவுக்கு நீங்க வந்துட்டீங்களே, அதுக்காகப் போடறேன்" என்றாள். காகிதத்தை நீட்டியபோது குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "இனிமே என்னப் பாப்பான்னு கூப்பிடாதீங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தது. பின்கதவிலிருந்து நிலையத்தின் படி வரை பதினைந்து அடி தூரம், அதற்குள் வந்து, அதற்குள்ளேயே போனது. காகிதத்தை நான்காக மடித்து உள்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

மறுநாள் இருபத்தெட்டு. காலை பதினொன்று நாற்பதுக்குக் கிளார்க் இரண்டு கையெழுத்தையும் பட்டியலோடு ஒப்பிட்டு முத்திரை குத்தினாள். நகலை அவள் அங்கே நின்றபடியே துறைமுக மையத்துக்குப் போனில் அனுப்பினாள். நாற்காலி உறுதி என்று ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

நேரே டயாலிசிஸ் கூடத்துக்குப் போனாள். அந்த ஊரில் கணவருக்கு அது கடைசி நாள். செய்தியைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"எப்படி ஒத்துக்கிட்டா?"

"கேட்டேன். குடுத்தா."

"தங்கமான பொண்ணு" என்றார் அவர். கிளம்புவதற்கு முன் குழந்தைக்கு நல்லதாக ஒரு சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். ஏழு மாதத்துக்கு என்ன அளவு என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் விசாரிக்கத் தொடங்கினார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, இயந்திரத்தில் இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி என்று பார்த்தாள். ஐம்பது நிமிடம். சட்டை வாங்க அவள் போகவில்லை.

முதல் தேதி செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்குத் துறைமுக ஊரில் கணவருக்கு முதல் டயாலிசிஸ், நான்காம் எண் நாற்காலி. மலை பஸ்ஸும் ஆறு மணிக்குத்தான் கிளம்புகிறது. அந்தப் பெண் ஒரு சீட் பதிவு செய்திருக்கிறாள். குழந்தை துறைமுகத்தில் அவள் அம்மாவிடம் இருக்கும்.